மேஜர்கள் காணாமல் போவது தொடர்பாக ஒரு நன்றி மனு

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
காவல் நிலையத்துக்கு எதிரே, வேப்பமரத்தடி.

பெறுநர்:
உயர்திரு நிலைய அதிகாரி அவர்கள்,
எல்லை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத காவல் நிலையம்.

பொருள்: பதினெட்டு வயது நிரம்பியவர்கள் காணாமல் போகும்போது தாங்கள் காட்டும் பொறுமைக்கு நன்றி தெரிவித்தல் சார்பாக.

ஐயா,

மேற்படி மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்து வருகிறேன். நிலத் தகராறுக்கு நூறு ரூபாய், அடிதடிக்கு எண்பது. ஆள் காணவில்லை மனுவுக்கு மட்டும் ஐம்பதுதான் வாங்குகிறேன். அதே ஆட்களுக்கு அதே மனுவை நாலைந்து தடவை எழுத வேண்டி வருவதால் மொத்த விலையில் கொடுப்பதுதான் தொழில் தர்மம். என் வீட்டு அடுப்பு எரிவதில் தங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் நன்றி அதற்கு.

'வேலைக்குச் செல்வதாகக் கூறி வீட்டை விட்டுச் சென்ற என் கணவர் இதுநாள் வரை வீடு திரும்பவில்லை. உறவினர் வீடுகளிலும் தெரிந்த இடங்களிலும் தேடியும் கிடைக்கவில்லை.' இதை நான் தூக்கத்திலும் எழுதுவேன். 'தேடியும் கிடைக்கவில்லை' விட்டுப்போனால் தங்கள் ரைட்டர் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார். தேடி முடித்துவிட்டு வந்தவர்களிடம் மட்டுமே தேடச் சொல்லும் மனுவை வாங்குவது என்ற இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

மனுவோடு உள்ளே போகிறவர்கள் பாராவைத் தாண்டினால், எஸ்.ஐ. ரவுண்ட்ஸ் போயிருப்பார். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருப்பார். ஏட்டையா இருப்பார், சாயங்காலம் அவருக்கும் தேர்த் திருவிழா டூட்டி. அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஒருவரை நாலு பேர் வேலைக்குப் பிய்த்துப் போட்டால் அவரும்தான் என்ன செய்வார்.

அவர் கேட்பார். மனைவி வந்தால், "வீட்ல சண்டையாம்மா? குடிப்பாரா? கடன்காரன் எவனாவது வந்தானா? வேற எங்கயாவது தொடுப்பு இருக்கா?" அம்மா வந்தால், "பொண்ணு யார்கூட போன்ல பேசிட்டு இருந்துச்சு?" வயதான தகப்பனைத் தேடி மகன் வந்தால், "மருமக சோறு போட்டுச்சா?" இந்தக் கேள்விகளைக் குறை சொல்ல மாட்டேன். விசாரணை என்றால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் வியப்பது அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்து. சண்டை நடந்தது என்றால் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். நடக்கவில்லை என்றால் மறைக்கிறீர்கள். கடன் இருந்தால் தலைமறைவு. கடன் இல்லையென்றால் கையில் காசு இருக்கிறது, ஊர் சுற்றப் போயிருக்கிறார். எந்த வழியில் போனாலும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: "வந்துருவாரு, போங்க. பெரிய ஆள்தானே, மேஜர்."

பலர் அப்படி வந்தும்விடுகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வராமல் போகப்போவது யார் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளும் வித்தை தங்களிடம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது அந்த 24 மணி நேரம். "ஒரு நாள் பாத்துட்டு வாங்க." இது எங்கே எழுதியிருக்கிறது என்று ஆள் வராத மத்தியானங்களில் தேடிப் பார்த்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் இல்லை. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலும் இல்லை. சினிமாவில் இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய எத்தனையோ சட்டங்கள் வாசலிலேயே நிற்க, யாரும் இயற்றாத ஒரு சட்டம் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவதைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் தங்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. 2013 மே 10இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணாமல் போனால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், ஆள்கடத்தல் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பதினேழே முக்கால் வயதில் காணாமல் போகிற பெண் கடத்தப்பட்டவள். பதினெட்டாவது பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு மறுநாள் காணாமல் போனால் அவள் ஊர் சுற்றப் போனவள். கேக்கில் என்ன கலக்கிறார்களோ தெரியவில்லை.

அதே 2013 நவம்பர் 12இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொன்று சொன்னது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம். அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரரான அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம். மகளைக் காணவில்லை என்று நிலையத்துக்கு நடந்த ஒரு தகப்பனின் மனுதான் அந்த வழக்கு. தங்கள் ரைட்டரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைவிடச் சட்டம் தெரிந்தவர். "காணாம போறது குற்றமே இல்லையே" என்றார். உண்மைதான். அதனால்தான் நம் மாநிலத்தில் இதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டாலும், பிரிவு என்ற கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'மேன் மிஸ்ஸிங்', 'உமன் மிஸ்ஸிங்' என்று எழுதுகிறீர்கள். அந்தக் கட்டம் வரை போய்ச் சேருகிறவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்களுக்கு மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். அதையும் மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, ஏதோ பாதி கிடைத்துவிட்ட மாதிரி என் மேசைக்கு வந்து காட்டுகிறார்கள்.

ரசீதுக்கும் முந்திய கட்டம் ஒன்று உண்டு: "இது எங்க லிமிட் இல்ல." வீடு ஒரு நிலையத்தில், வேலை பார்த்த இடம் இன்னொன்றில், கடைசியாகப் பார்த்த பஸ் ஸ்டாண்டு மூன்றாவதில், செல்போன் அணைந்த இடம் ரயில்வே போலீசில். காணாமல் போகிறவர்கள் ஒரே நிலைய எல்லைக்குள் காணாமல் போகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2019 நவம்பர் 27 இரவு, ஐதராபாத்தை அடுத்த சம்ஷாபாத்தில் ஒரு கால்நடை மருத்துவர் வீடு திரும்பவில்லை. குடும்பம் ஒரு நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. யாருடனாவது போயிருப்பாள் என்ற பேச்சையும் கேட்டது. மறுநாள் காலையில் எரிந்த உடல் கிடைத்தது. தாமதத்துக்காக ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு ஏட்டுகளும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். டிசம்பர் 6 விடியற்காலையில் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரே பூ தூவியது. அது தற்காப்புக்காகச் சுட்டது அல்ல, கொல்லும் எண்ணத்தோடு சுட்டது என்று பிறகு உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் சொன்னது. அந்த வேகத்தை முதல் ராத்திரி எந்த நிலையத்தில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று எந்த ஆணையமும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது புதுச் சட்டத்தில், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். குற்றம் என்றால்தான், என்பார் தங்கள் ரைட்டர். அது குற்றமா இல்லையா என்று தேடிப் பார்த்தால்தானே தெரியும் என்பேன் நான். இந்த இடத்தில் அவருக்கு எப்போதும் போன் வந்துவிடும்.

தாங்கள் காத்திருக்கும் நேரத்தில் குடும்பம் சும்மா இருப்பதில்லை. துப்பறியும் துறையாக மாறிவிடுகிறது. மச்சான் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் போட்டோ காட்டுகிறான். தம்பி டாஸ்மாக் டாஸ்மாக்காகப் போகிறான். மாமா, மனநோய் தீர வேண்டிப் போகிற ஏர்வாடிக்கும் குணசீலத்துக்கும் ஒரு நடை போய் வருகிறார். கையில் காசுள்ளவர்கள் பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் கொடுக்கிறார்கள். நகைக்கடை வாசல் கேமராவைப் பார்க்கலாம் என்று போனால், "போலீஸ் வந்தாத்தான் காட்டுவோம்" என்கிறார் மேனேஜர். போலீஸ் வரும்போது பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறியிருக்கிறது. சென்னையில் கேமராக்களுக்கு 'மூன்றாவது கண்' என்று பெயரே வைத்தார்கள். நெற்றிக் கண்ணைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்க யாரிடம் போவது என்பதுதான் பிரச்சினை. கடைசியில் எப்படியோ ஜீப் கிளம்பினால் டீசலும் மனுதாரர் வீட்டுக் கணக்கு. பைக் தவணை வசூலிக்கும் பையன் ஒருவன் தங்களுக்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் வைத்துத் தங்களுக்குத் தேடத் தெரியாது என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அந்த அவதூறை மறுக்கத்தான் முக்கியமாக இந்த மனு.

காணவில்லை மனுவில் இருபத்தோரு வயதுப் பெண்ணின் பெயர் இருக்கட்டும். கூடவே வேறு சாதிப் பையன் ஒருவன் பெயர் இருக்கட்டும். மனு கொடுப்பவர் கரை வேட்டியோடு இரண்டு காரில் வந்து இறங்கட்டும். அன்றைக்குப் பாருங்கள் தங்கள் நிலையத்தை! ரவுண்ட்ஸ் போன எஸ்.ஐ. பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறார். எல்லைப் பிரச்சினை இல்லை. பெங்களூர்கூட நம்ம லிமிட்தான். எஸ்.பி. ஆபீஸ் அனுமதி வேண்டும் என்று மற்ற நாட்களில் சொல்லப்படும் டவர் லொக்கேஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிறது. பையனின் அப்பாவும் சித்தப்பாவும் பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறார்கள். மறுநாள் தாலியும் மாலையுமாக ஜோடி வந்து சேருகிறது. "மேஜர்தாம்மா, யார் இல்லேன்னா? ஆனா பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்?" என்று தாங்களே உருக்கமாகப் பேசுகிறீர்கள். வராத புருஷனுக்காக நாலு நாளாக வாசலில் நின்ற பெண்ணிடம் அதே வாய்தான் சொன்னது, மேஜர், அவர் இஷ்டம், நாங்க என்னம்மா பண்ண முடியும் என்று.

இந்த இடத்தில்தான் என் மாதிரி அரைகுறைக்குக் குழப்பம் வருகிறது. ஒரு மேஜர் தன் இஷ்டப்படி போனார் என்று நன்றாகத் தெரிந்தால் துரத்துகிறீர்கள். இஷ்டப்படி போனாரா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா, ஏதாவது கிணற்றடியில் விழுந்து கிடக்கிறாரா என்று எதுவுமே தெரியாவிட்டால் அவருடைய இஷ்டத்தை மதிக்கிறீர்கள். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ வீட்டாரின், சாதியாரின் சம்மதம் தேவையில்லை என்று 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் சொன்னது. அதற்கு முன்பே, 2016இல், கலப்பு மணம் செய்தவர்களின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தேடுவது ஒரு வேலை, வீட்டுக்கு இழுத்துவருவது இன்னொரு வேலை ஐயா. முதலாவதை எல்லாருக்கும் செய்யலாம். கிடைத்தவர் மேஜராக இருந்து, எனக்கு வீட்டுக்குப் போக விருப்பமில்லை என்றால், "உயிரோட, சௌக்கியமா இருக்கார், வர விரும்பலை" என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வருகிறார்கள். அதைத் தர மறுத்துவிட்டு, கேட்காத இடத்தில் இரண்டாவது வேலையைச் செய்து முடிக்கிறீர்கள்.

அதனால் நான் இப்போது தொழில் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். புருஷனைக் காணோம் என்று வரும் பெண்களிடம், "அப்படி எழுதாதேம்மா, எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா, உன் புருஷன் அவர் வீட்டுப் பத்துப் பவுன் நகையோட ஓடிட்டான்னு எழுதித் தர்றேன்" என்கிறேன். பொய் மனு எழுதுவது குற்றம் என்று தெரியும். அதில் பிரிவுக்கு எண் இருப்பதால் தாங்கள் உடனே நடவடிக்கை எடுப்பீர்கள் என்பதும் தெரியும்.

கிடைக்காமலே போகிறவர்கள் சங்கதி வேறு. பக்கத்து நிலையத்துச் சுவரில் 'அடையாளம் தெரியாத ஆண் சடலம், சுமார் 45 வயது, நீலக் கட்டம் போட்ட கைலி' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இங்கே தங்கள் கோப்பில் 45 வயது, நீலக் கட்டக் கைலி என்று என் கையெழுத்தில் மனு இருக்கும். நாட்டின் காவல் நிலையங்களை ஒரே வலையில் இணைக்க 2009இல் 2,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்து சி.சி.டி.என்.எஸ். என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இருந்தும் இரண்டு கைலிகளையும் சேர்த்து வைப்பது, பெரும்பாலும், ஜி.எச். பிணவறை வாசலில் டீ விற்கிறவர்தான்.

அதுவும் இல்லையென்றால் ஏழு வருடம். ஏழு வருடமாக ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு; புதிய சாட்சியச் சட்டத்தில் 111. அதற்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கண்டுபிடிக்க முடியவில்லை என்று தாங்கள் தரும் தாள் வேண்டும். காணாமல் போனவர் மத்திய அரசு ஊழியர் என்றால் ஆறு மாதத்தில் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். கணக்கு தொடங்குவது அவர் காணாமல் போன நாளிலிருந்து அல்ல, தாங்கள் எஃப்.ஐ.ஆர். போட்ட நாளிலிருந்து. "வந்துருவாரு, போங்க" என்று சொன்ன நாட்களுக்கு யார் ஓய்வூதியம் தருவார்கள் என்று ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார். மனுவில் சேர்க்கட்டுமா என்றேன். வேண்டாம், கோபித்துக்கொள்வார்கள் என்றார்.

முடிவாக ஒரு விண்ணப்பம். எனக்கு வயது 58. மேஜராகி நாற்பது வருடம் ஆகிறது. ஆகையால் தாங்கள் தேட வேண்டாத ஆட்களின் பட்டியலில் நானும் இருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் காணவில்லை மனுவை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் காலி. ஏட்டையாவின் சிரமத்தைக் குறைக்கப் பதில்களையும் நிரப்பிவிட்டேன்: வீட்டில் சண்டை உண்டு, பெரும்பாலும் டி.வி. ரிமோட்டுக்காக. கடன் உண்டு, கூட்டுறவு வங்கியில். குடி இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. அந்த 24 மணி நேரத்தை இன்றைய தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீதை இப்போதே வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தேடலில் கொஞ்சம் வேகம் பிறக்கட்டும் என்பதற்காக, வேறு சாதிப் பெண்மணி ஒருவருடன் போயிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன். இதற்கு என் மனைவி தெரிவித்த ஆட்சேபம் தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளது. அதற்கு மட்டும் தயவுசெய்து எஃப்.ஐ.ஆர். போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவர்