படுத்துக் கிடக்கிற ஞானம்

வாய்யா பேராண்டி, வந்து திண்ணையில உக்காரு. அதென்ன எடது கன்னம் மட்டும் இம்புட்டுச் செழிப்பா இருக்கு? மெட்ராஸ் சம்பளம் ஒரு பக்கமாத்தான் ஒட்டுமோ? சரி சரி, சிரிக்காத, வலிக்கும்.

உங்க ஆத்தா ராத்திரியே சொல்லிட்டா. ஞானப்பல்லாம். பிடுங்கவா வேண்டாமான்னு மூணு மாசமா ரோசனையாம். போன் வாங்குறதுன்னா ராத்திரியோட ராத்திரியா முடிவு பண்ற பய, பல்லுன்னதும் பஞ்சாங்கம் பாக்கியாக்கும்?

எங்க, அந்த எக்ஸ்ரே படத்தை இப்படிக் கொடு. வெயிலுக்கு நேரா பிடிச்சாத்தான் எனக்குத் தெரியும். அடேயப்பா! மேல்தாடை, கீழ்த்தாடை எல்லாம் ஒரே படத்துல இளிச்சுக்கிட்டு நிக்குது. இரு, எண்ணிக்கிடுதேன். முப்பத்தொண்ணு. ஒண்ணு குறையுதே?

ஏலே, மாட்டுத்தாவணியில முப்பது வருசம் மாட்டு வாயைப் பிளந்து வயசு சொன்னவன்டா நான். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லுன்னு அங்க ஒரு கணக்கு. மனுசனுக்குக் கடைசியா வாறது இந்த ஞானப்பல்லு. பதினேழுல இருந்து இருபத்தஞ்சுக்குள்ள முளைக்கும். அந்த வயசுல புத்தி வந்துரும்னு நம்பி எவனோ வச்ச பேரு. உனக்கும் வந்திருக்கு, இல்லேங்கல. ஆனா படுத்துக்கிட்டு வந்திருக்கு. உன் ஞானம் படுத்துக் கெடக்குன்னு படமே சாட்சி சொல்லுது. இனி நான் சொன்னா மட்டும் கோவிச்சுக்கிடாத.

நாலு பேரு மேல பிராது வந்தா நாலு பேருக்கும் ஒரே அபராதம் போடுறது பஞ்சாயத்து இல்ல. ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டு விசாரிக்கணும். வா, விசாரிப்போம்.

மேல வலது. ஆளையே காணோம். சில பேருக்கு இது உருவாகவே உருவாகாது. குறையுற ஒண்ணு இவன்தான். வராதவன் மேல வழக்கு இல்ல.

கீழ வலது. எலும்புக்குள்ள முழுசாப் புதைஞ்சு, போர்த்திக்கிட்டுத் தூங்குறான். வலி இல்ல, சீழ் இல்ல, பக்கத்துப் பல்லுக்குத் தொந்தரவு இல்ல. அவன் வேருக்குக் கீழ ஒரு கோடு ஓடுது பாரு, அதுக்குள்ள ஒரு நரம்பு இருக்கு. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது அதுதான். தோண்டும்போது அதுல பட்டா உதடு மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரத்துல, இல்ல சில மாசத்துல திரும்பிரும். சில பேருக்குத் திரும்பாமலே போறதும் உண்டு. சும்மா தூங்குறவனை எதுக்குலே எழுப்பணும்? நோவு இல்லாத ஞானப்பல்லைத் தொடாதீகன்னு இங்கிலாந்துல அரசாங்க மருத்துவத்துக்கு 2000லேயே சொல்லிட்டாக. ஆனா கண்காணிப்பு வேணும். அவனைச் சுத்தி நீர்க்கட்டி வந்து சத்தம் காட்டாம எலும்பைத் தின்னுறதும் உண்டு. டாக்டர் சொல்ற கெடுவுக்கு ஒருக்கா படம் எடுத்துப் பாத்துக்கோ.

கீழ எடது. வாய்யா குற்றவாளி! டவுன் பஸ்ல பக்கத்து ஆளு தோள்ல தலையைச் சாய்ச்சு எச்சி வடிய விட்டுத் தூங்குவானே, அவனேதான். முன்பக்கமாச் சாய்ஞ்சு பக்கத்துக் கடைவாய்ப்பல்லு மேல முட்டிக்கிட்டு, பாதி வெளியே, பாதி உள்ளே. அவன் தலைக்கு மேல ஈறு ஒரு முக்காடு மாதிரிக் கெடக்கு. சோத்துப் பருக்கை, கடலைத் தோலு எல்லாம் அதுக்குள்ள போய்த் தங்குது. பிரஷ்ஷு அங்க எட்டாது. அழுகுது, வீங்குது. எத்தனை வாட்டி வீங்குச்சு? மூணா? முதல் வாட்டி எச்சரிக்கை. ரெண்டாம் வாட்டி நோட்டீசு. மூணாம் வாட்டி ஜப்திலே!

மேல எடது. நேரா வந்த நல்ல பிள்ளைதான். ஆனா கீழ உள்ளவன் போயிட்டா இவனுக்குக் கடிக்க ஜோடி இல்ல. சோடியில்லாத மாடு மாதிரி கீழ எறங்கிக்கிட்டே வரலாம். சேத்து எடுக்கணுமான்னு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு.

இன்னொண்ணு. முன்பல்லு கோணுறது ஞானப்பல்லு தள்ளுறதாலதான், அதனால எல்லாத்தையும் பிடுங்குன்னு எவனாவது சொன்னா, காதுல வாங்கி கம்மாயில போடு. அது அப்படித்தான்னு யாரும் நிரூபிச்சதில்ல.

தாத்தனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? எனக்கும் இதே எடத்துல இதே சாய்ஞ்ச பயதான். இருபத்தேழு வயசு, பருத்தி எடுப்பு நேரம். கிராம்பைக் கடிச்சேன், நின்னுச்சு. "பாத்தியா, வைத்தியன் எதுக்கு?"ன்னு உங்க அப்பத்தாகிட்ட மீசையை முறுக்குனேன். அடுத்த வருசம் மறுபடி. புகையிலையை அடக்குனேன், நின்னுச்சு. இப்படி நிக்கிறதும் வாறதுமா பதினாலு வருசம். கடைசியில போய் வாயைத் திறந்தா, சாய்ஞ்சவன் முட்டுன எடத்துல பக்கத்துப் பல்லு பின்பக்கமாச் சொத்தையாகி வேர் வரைக்கும் போயிருச்சு. ஒரு பல்லைக் காப்பாத்தப் போயி ரெண்டு பல்லைக் கொடுத்தேன். அம்புட்டு வருசமும் வலி நிக்கலைடா, மூச்சு வாங்கிச்சு. அதை நான் குணம்னு நினைச்சேன்.

நாப்பத்தோரு வயசுல அதைப் பிடுங்குன கதையைக் கேளு. நாத்துப் பிடுங்குறதுக்கும் பனந்தூரைப் பேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? சின்ன வயசுல வேரு முழுசா வளந்திருக்காது, எலும்பும் இளசா இருக்கும். வயசு ஏற ஏற எலும்பு இறுகும், புண்ணு ஆற நாளாகும். என் பல்லோட மல்லுக்கட்டி டாக்டரு வேர்த்து விறுவிறுத்துப் போனாரு. எனக்கு மரத்துப் போயிருந்துச்சு, அவரைப் பாத்துத்தான் பரிதாபமா இருந்துச்சு. உனக்கு இருபத்து நாலு. எடுக்கத்தான் வேணும்னு ஆகிப்போச்சுன்னா இது நல்ல பருவம். இளசா இருக்கேன்னு சும்மா இருக்கிற பல்லையும் பிடுங்காத.

இப்ப உன் சாக்கையெல்லாம் எடுத்து வை. ஆபீசுல ரிலீசு. அத்தை மக கல்யாணம். ஆடி போயி ஆவணி வரட்டும். ஏலே, நீ தேதி குறிக்கலைன்னா பல்லு குறிக்கும். அது குறிக்கிற தேதி அந்தக் கல்யாணப் பந்தியிலதான் இருக்கும். பாயசத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப.

அதுக்காக வீங்குன சூட்டோட இன்னைக்கே போயி பிடுங்குன்னு மல்லுக்கு நிக்காத. சீழு பிடிச்ச எடத்துல மரப்பு ஊசி சரியாப் பிடிக்காது. அனேகமா முதல்ல கழுவி, மருந்து கொடுத்து, வத்த வச்சுத்தான் எடுப்பாக. இந்த எடத்துலதான் உன்னை மாதிரி ஆளுக தப்பிச்சு ஓடுறது. வத்திருச்சேன்னு சென்னைக்கு பஸ் ஏறிருவ. வத்துனதே எடுக்கத்தான்லே.

இப்ப நையாண்டி இல்லாம ஒண்ணு சொல்றேன். வாய்க்குள்ள ரெண்டு வெரலு நொழையலைன்னாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, எச்சி முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தாலோ, நடுச்சாமமா இருந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும். அந்தச் சீழு கழுத்துக்கு எறங்குனா உசுருக்கே ஆபத்து.

எடுத்த பெறகு பத்தியம் உண்டு. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இரு. அன்னைக்குத் துப்பக் கூடாது, கொப்புளிக்கக் கூடாது, உறிஞ்சு குழல் கூடாது. மறுநாளுல இருந்து வெதுவெதுன்னு உப்புத்தண்ணி. குழியில உறையுற ரத்தம்தான் அதுக்கு மூடி. அது பேந்துச்சுன்னா மூணாம் நாளு எலும்பு வெளியே தெரிய ஒரு வலி வரும், பல்லு வலி அதுகிட்ட பிச்சை வாங்கணும். சிகரெட் பிடிக்கிறவனுக்கு அது வர வாய்ப்பு அதிகம். உனக்கென்ன, உனக்குத்தான் அந்தப் பழக்கமே கெடையாதே. நேத்து படப்புக்குப் பின்னாடி பொகைஞ்சது வைக்கோலாத்தான் இருக்கும்.

எங்க காலத்துப் பத்தியம்னா கஞ்சி. இப்ப குளிர்ச்சியா ஐஸ்கிரீம் சாப்பிடலாம்னு டாக்டரே சொல்றாகளாம். வாங்கும்போது ரெண்டு கப்பா வாங்கு. பல்லு இல்லாதவனுக்கும் அது நல்ல பத்தியம்தான்.

தீர்ப்பு இதுதான்: சாய்ஞ்சவனை எடு, புதைஞ்சவனைக் கண்காணி, மேல உள்ளவனைப் பத்திக் கேளு. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நானும் கூட வாறேன். மருந்துச்சீட்டு வாங்குறதுக்கு இல்ல. எடுக்கிற தேதியை வாங்குறதுக்கு.