கோயில் மணி சிணுங்குமாலே?

ஏலே பேராண்டி, நீ எழுதின கதையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைய வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கண்ணுதான் எனக்கு மங்கிப்போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. முதல் பக்கத்துல போன் சிணுங்குது. சரி. அடுத்த பக்கத்துல கதையில வர்ற பிள்ளையோட கொலுசு சிணுங்குது. அதுவும் சரி. நாலாம் பக்கத்துல கோயில் மணியும்லா சிணுங்கிட்டு! அம்புட்டுப் பெரிய வெண்கல மணிக்கு எவன்லே மிட்டாய் வாங்கிக் குடுக்கலை?

மணின்னா கணீர்ங்கும். மாட்டுச் சலங்கை ஜல்ஜல்ங்கும். வளையல் கலகலங்கும். சிணுங்கணும்னா சாமான் சின்னதா இருக்கணும், கொஞ்சம் செல்லமும் குடுத்திருக்கணும். பச்சப்பிள்ளை வீறிட்டா அது சிணுங்கலா? அழுவமா வேண்டாமான்னு அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே மூக்கால இழுக்கும் பாரு, அதுதான் சிணுங்கல். மழைகூட அப்படித்தான், பெய்யவும் செய்யாது, விடவும் செய்யாது, சிணுசிணுன்னு நிக்கும். முடிச் சிக்குக்குச் சிணுக்குன்னு பேரு. அதை எடுக்கையில பொம்பளப்பிள்ளை என்ன செய்யும்னு நான் சொல்லணுமாக்கும்! தொட்டாச்சிணுங்கிதான் மோசக்காரி. தொட்டா இலையை மடக்கும், சத்தம் மூச்.

கொலுசைக் கையில வாங்கிப் பாத்திருக்கியா? பட்டாணியை விடச் சின்னதா வெள்ளிச் சலங்கை, அதுல ஒரு கீறல், உள்ளே கடுகு மாதிரி ஒரு குண்டு. குண்டு விழுந்துட்டா சேலத்துக் கொலுசும் ஊமைதான். உங்க ஆச்சி கொலுசு அப்படிப் பாதி ஊமை. அவ வந்து நின்னது தெரியாம சீனி டப்பாவுல கையை விட்டு, போன வாரம் மாட்டிக்கிட்டேன்.

உள்ள கிடக்கிற பரலைச் சின்னதா நினைச்சிராத. சிலம்புக்குள்ள கிடந்தது முத்தா மாணிக்கமான்னு பாக்காம தீர்ப்புச் சொல்லித்தானே பாண்டியன் உசிரை விட்டான்? அந்தச் சிலம்புங்கிற பேரே ஒரு வினைதான்லே. சிலம்புறதுன்னா ஒலிக்கிறது. மலையில எதிரொலிச்சாலும் சிலம்புதுன்னு சொல்லலாம். உன் கோயில் மணியை அப்படி எழுதியிருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?

அப்புறம், போன் சிணுங்குறது சரின்னேன்ல, அது உன் கதையில. இங்க மாடக்குழியில கிடக்கிற போன் உன் கையால சிணுங்கி ரெண்டு மாசமாச்சு. ஆச்சி தினம் அதைத் துடைச்சுத் துடைச்சு வைக்கா. உள்ள குண்டு விழுந்துட்டோன்னு நேத்து காதுல வச்சு ஆட்டிப் பாத்தேன்.