கறித்தூள் வேண்டாம்

வெளிநாடு போய்த் திரும்பியவர்களுக்கு ஆளுக்கொரு ஏக்கம் உண்டு. பதுளையில் ஒரு தெருவில் விசாரித்தாலே போதும், வகை வகையாகக் கிடைக்கும். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த அக்காமார் குபூஸை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். சவூதியில் டிரைவராக இருந்த பக்கத்து வீட்டு அண்ணன், மழை விடாமல் பெய்து மதிலெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும் டிசம்பரில்கூட, "அங்கனன்னா ஏசிய பதினெட்டுல வச்சிட்டுத்தான் படுப்போம்" என்பார். இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொள்ளும். நான் ஏங்குவது மீனுக்கு. அவிக்காத, பொரிக்காத, மிளகாய் என்றால் என்னவென்றே அறியாத ஹெரிங் மீனுக்கு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் மாமியார் என் தட்டைத் தனியாகக் கழுவி வைக்கிறார்.

நெதர்லாந்தில் ஹேக் நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவப் போய், வெங்காயம் வெட்டும் பதவிக்கு உயர்ந்து, சில வருடம் அங்கே இருந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு மீன் வண்டி நிற்கும். வண்டிக்காரர் சின்னக் கத்தியால் மீனின் தலையை எடுத்து, தோலை உரித்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவுவார். வாலை மட்டும் விட்டுவைப்பார், பிடிக்க வேண்டுமே. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் ஒரு புரட்டு. பிறகு வாலைப் பிடித்து, தலையை அண்ணாந்து, மீனை மேலிருந்து வாய்க்குள் இறக்க வேண்டும். கோட்டும் டையும் கட்டிய அதிகாரிகள் மதிய இடைவேளையில் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்து வாய் திறப்பதை முதன்முதலில் கண்டபோது, ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்றுதான் எண்ணினேன்.

ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு இந்த அண்ணாந்து பார்க்கிற வேலை கிடையாது. அவர்கள் மீனைத் துண்டு போட்டு, வெள்ளரி ஊறுகாயோடு தட்டில் வைத்துக் குச்சியால் குத்திச் சாப்பிடுவார்கள். ஹேக்கில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் ஏற்பதில்லை. வெங்காயமே கூடாது, அது பழைய மீனின் வாடையை மறைக்கிற தந்திரம் என்று சொல்லும் தீவிரவாதிகளும் அங்கே உண்டு. எனக்கு அதுவும் சரிப்படாது. வெங்காயம் வெட்டித்தான் நான் அங்கே பிழைத்தேன்.

பச்சைமீன் என்று மாமியார் சொல்வது முழு உண்மையல்ல. மே மாதக் கடைசியில் மீன் நன்றாகத் தின்று கொழுத்திருக்கும், முட்டை வைக்கிற காலம் இன்னும் வந்திருக்காது. நூற்றுக்குப் பதினாறு பங்காவது கொழுப்பு இருந்தால்தான் அதற்குப் 'புது ஹெரிங்' என்ற பட்டம். பிடித்த மீனின் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, கணையத்தை மட்டும் உள்ளே விட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு வைப்பார்கள். அந்தக் கணையத்தில் ஊறும் நீர்தான் மீனை மெல்லப் பதமாக்கி வெண்ணெயாக்குகிறது. பதினாலாம் நூற்றாண்டில் பியர்ஃப்லீட் என்ற ஊரைச் சேர்ந்த வில்லெம் பேகல்சோன் கண்டுபிடித்த வித்தை என்று அவர்கள் கதை சொல்கிறார்கள். 1968 முதல் உறையவைக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது, புழு இருந்தால் சாவதற்காக. இந்தக் கடைசித் தகவலை வீட்டில் தைரியம் சொல்வதற்காகச் சொன்னேன். அவர்கள் காதில் 'புழு' மட்டும் விழுந்தது.

உப்பிட்ட ஹெரிங்கைப் பீப்பாயில் அடைத்து ஐரோப்பா முழுக்க விற்றுக் காசு சேர்த்தவர்கள் ஒல்லாந்தர். ஆம்ஸ்டர்டாமே ஹெரிங் முள்ளின் மேல் எழும்பிய நகரம் என்பது அங்கே சொலவடை. கப்பலும் காசும் சேர்ந்த பிறகு 1602 இல் கம்பெனி தொடங்கினார்கள், நம் பக்கமும் வந்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததோடு கரையோரம் அவர்கள் கைக்குள் வந்தது, 1796 வரை இருந்தார்கள். பதுளை கண்டி ராசாவின் பூமி, இங்கே அவர்கள் ஆட்சி ஏறவில்லை. லம்பிரைஸையும் புரூடரையும் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். மலைக்கு வந்திருந்தால் பதுளை பஸ் ஸ்டாண்டில் இன்று ஒரு மீன் வண்டி நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன். சரித்திரத்தை இப்படிப் படிக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நின்றிருந்தாலும் பயனில்லை என்பது வேறு விஷயம். பதுளை பஸ் ஸ்டாண்டில் அண்ணாந்து நின்று எதையாவது வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிடும். "ஏங்க, வீட்ல சோறு ஆக்கலன்னு ஊருக்குச் சொல்றீங்களா?" ஹேக்கில் யாரும் என்னைக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆளில்லை, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவும் ஆளில்லை. அங்கிருந்தபோது முதலாவதற்காக அழுதேன், இங்கே வந்து இரண்டாவதற்காக அழுகிறேன். சாட்சி இருந்ததெல்லாம் கடற்காக்கைகள் மட்டும்தான். ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் ஒரு முறை அண்ணாந்து வாய் திறந்தபோது, மேலே இருந்து ஒன்று இறங்கி மீனோடு போய்விட்டது. கையில் வால் இருந்தது. பக்கத்தில் நின்ற கிழவர், தன் மீனை விழுங்கி முடித்த பிறகே எனக்காக வருத்தப்பட்டார்.

அந்தக் கிழவர் தலைமுறைக்கு 1977 மறக்காது. அளவுக்கு மீறிப் பிடித்துப் பிடித்து வடகடலில் ஹெரிங் அருகிப் போய், அந்த வருடம் அங்கே ஹெரிங் பிடிக்கவே தடை போட்டார்கள். சில வருடம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். லெய்டன் என்ற ஊரில் ஒவ்வொரு ஒக்டோபர் மூன்றாம் தேதியும் ஹெரிங்கும் வெள்ளைப் பாணும் இலவசமாகக் கொடுப்பதுண்டு. 1574 இல் ஸ்பானியரின் முற்றுகை உடைந்து, பட்டினி கிடந்த ஊருக்குள் முதலில் வந்த சாப்பாடு அதுதானாம். பாணும் மீனும்! வெள்ளமோ மண்சரிவோ வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினால் நமக்கு வந்து சேருகிற பாணும் டின்மீனும்தான். நாம் அதற்கு விழா எடுக்கவில்லை, அவ்வளவே.

பிறகு டென்மார்க்கில் சித்தப்பா மகன் வீட்டில் கொஞ்சக் காலம். அங்கே போனதும் மீன் அதே மீன், சட்டம் வேறு. கையால் தொடக்கூடாது. கறுப்பு ரைப் பாணில் வெண்ணெய் தடவி, அதன்மேல் மீன், அதன்மேல் வெங்காய வளையம், எல்லாவற்றையும் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டித் தின்ன வேண்டும். மேசையில் எது இருந்தாலும் ஹெரிங்தான் முதலில். கூடவே தொண்டையைச் சுடும் ஸ்னாப்ஸ். மீன் வாய்க்குள் போனதும் நான் திடுக்கிட்டேன். இனிப்பு! வினாகிரி ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்பது சுவீடன்காரர்களின் கணக்கு. அதில் வெங்காயமும் மிளகும் போட்டு மீனை ஊறவைக்கிறார்கள். கடுகும் பச்சை மிளகாயும் சேர்த்தால் நம்ம மலே அச்சாறு. அந்தக் கடைசிப் படியில் ஏனோ நின்றுவிட்டார்கள்.

நிற்காமல் போன இடமும் ஒன்று உண்டு. டென்மார்க்கில் 'கறி ஹெரிங்' என்று போத்தலில் விற்கிறார்கள். கறி என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திறந்தால் மயோனைஸில் கறித்தூளைக் கலந்து, ஆப்பிள் துண்டும் போட்டு, மஞ்சளாக ஒன்று. அதற்கு அவித்த முட்டை துணை. காரம் தேடி அந்தப் போத்தலின் அடிவரை போனேன், இல்லை. தம்பி சொன்னான்: "அண்ணே, இங்க இதத்தான் காரம்னு சொல்லுவாங்க. தண்ணி குடிச்சிட்டே சாப்புடுவாங்க."

தம்பியின் மாடி வீட்டில் கருவாடு பொரித்தால், மேல்மாடியிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் தபால் பெட்டிக்கு வரும். அதே வட்டாரத்தில் சுவீடன்காரர்கள் பால்டிக் ஹெரிங்கை நொதிக்கவிட்டு டின்னில் அடைக்கிறார்கள், சுர்ஸ்த்ரோமிங் என்று பெயர். டின்னுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருப்பதால் டின் ஊதிப்போய் நிற்கும். 2006 இல் சில விமானக் கம்பெனிகள், வெடிக்கக்கூடிய பொருள் என்று அதை ஏற்ற மறுத்தன. திறக்கிறவர்களும் வெளியே முற்றத்தில்தான் திறப்பார்கள். அது பண்பாடாம். நம் கட்டா கருவாடு மட்டும் கடிதத்துக்குரியது.

நோர்வேயில் நம்மவர்கள் மீனோடு கொண்ட உறவு இன்னும் நெருக்கம். 1956 இல் குருநகரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1967 இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கி, யாழ்ப்பாணத்து மீன்பிடிக்குப் படகும் வலையும் கொண்டுவர வழி செய்தார். பிற்பாடு யுத்த காலத்தில் போன எத்தனையோ இளைஞர்கள் வடகோடி ஃபின்மார்க்கில், சூரியன் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத ஊர்களில், மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்தார்கள். கடல் தெரிந்தவர்கள், தாக்குப்பிடித்தார்கள்.

எனக்குக் கடல் தெரியாது. ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே இல்லை. பதுளைக்கு 1924 இல்தான் ரயில் வந்தது. ஐஸ் பெட்டி லொறி வருவதற்கு முந்தைய காலத்தில் தோட்டத்துக்கு மீன் என்றால் உப்போடும் சாக்கோடும் வருவதுதான் மீன். நெத்தலி, கட்டா, சுறா, சாளை, மாசி. சம்பளம் போட்ட அன்று லயத்தில் ஒரு காம்பராவில் கருவாடு பொரித்தால் கூரைக்குக் கீழே உள்ள எல்லாக் காம்பராவுக்கும் அது பகிரங்க அறிவித்தல். கடன்காரன் மோப்பம் பிடித்து வந்துவிடுவான் என்று, அப்பா கடனை அடைத்த பிறகே கருவாட்டை அடுப்பில் போடச் சொல்வார். கடலோரத்தில் பிறந்தவனுக்கு ஹெரிங் ஒரு கேலி. காலையில் துள்ளுகிற மீன் கிடைக்கும்போது உப்பிட்டதை ஏன் தின்ன வேண்டும் என்பான். கடலையே காணாமல் மீன் தின்று வளர்ந்த மலைநாட்டானுக்குத்தான் பீப்பாய் மீனின் அருமை விளங்கும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் சேர்ந்த ஒரே ஆள் எங்கள் கருவாட்டுக் கடை முதலாளி. "ஏன் காய வைக்கல?" என்பது அவருடைய முதல் கேள்வி. தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. கொழுப்பு அதிகமான மீனைக் காயவைத்தால் எண்ணெய் காறிப்போகும், அதனால்தான் உப்பு நீரில் வைக்கிறார்கள். கொழுப்பில்லாத கொட் மீனை நோர்வேயில் காற்றில் காயவைக்கத்தான் செய்கிறார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். "அப்ப அது ஜாடி." தெற்குக் கரையில் மீனை உப்பும் கொறக்காவும் போட்டு அடைத்து வைக்கிறார்களே, அந்த ஜாடி. எனக்குச் சில வருடம் எடுத்த விஷயத்தை அந்த மனிதர் தராசில் நெத்தலியை நிறுத்தபடியே முடித்துவிட்டார்.

போன வருடம் தம்பி ஊருக்கு வந்தான். பெட்டியில் துணிக்கு நடுவே இரண்டு போத்தல், ஒன்று சாதா ஹெரிங், ஒன்று கறி ஹெரிங். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு தனியாகத் தின்பது என் திட்டம். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? பக்கத்து வீட்டு சவூதி அண்ணன் உட்பட எல்லாரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். மாமியார் மஞ்சள் நிறத்தைப் பார்த்து நம்பிக்கையோடு கறிப் போத்தலை எடுத்தார். ஒரு துண்டு வாயில் போட்டு, நெடுநேரம் யோசித்தார். "பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கிற பத்தியமாப்பா இது?"

மனைவி சாதாப் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். "மீன்ல சீனியப் போட்டு வச்சிருக்காங்க. இதுக்கா ஏஜென்சிக்கு காசு கட்டிப் போனீங்க?" என்றவள், நான் தடுக்குமுன் அதை வடிகட்டி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். தாச்சி சூடாகிற சத்தம் கேட்டது. கறிவேப்பிலை, பெரிய வெங்காயம், கறி மிளகாய், தக்காளி, ஒரு கை நிறைய இடித்த மிளகாய். புளிப்பும் இனிப்பும் மீனிலேயே இருந்ததால் அவள் அதற்கு எதுவும் சேர்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்தது ஹெரிங் டெவல்.

சட்டப்படி அது பெரும் பாவம். கோப்பன்ஹேகனில் தெரிந்தால் விசா ரத்தாகும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சோற்றுக்கு அப்படியொரு சேர்மானம். சவூதி அண்ணன் ஏசியை மறந்து வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார். மாமியார் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், அதுவும் தட்டைக் கழுவாமல். வாசனை பிடித்து வந்த முதலாளி வாசலில் நின்றபடியே ஒரு துண்டைத் தின்றுவிட்டு, கிலோ என்ன விலைக்கு இறக்கலாம் என்று தம்பியிடம் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். என் முறை வந்தபோது தாச்சியில் மீன் இரண்டு துண்டும் வெங்காயம் நிறையவும் இருந்தது.

"அடுத்த தடவ வர்றப்ப நாலு போத்தல் கொண்டாங்க தம்பி," என்றாள் மனைவி. "அந்த மஞ்சக் கறி வேணாம். தூளு நாம போட்டுக்கலாம்."