‘இன்’ இலக்கணம்: முவ்விளிம்புக் கோட்பாடு நோக்கி

அலுவலக உடைவிதி பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் எச்.ஆர். துறையினர். அவர்களுடைய சுற்றறிக்கைகளில் கண்டிப்பு இருக்கிறது, கோட்பாடு இல்லை. எதைப் போடக் கூடாது என்று பட்டியல் தருகிறார்களே ஒழிய, ஒரு டி-ஷர்ட்டுக்குக் காலர் முளைத்த மாத்திரத்தில் அது எப்படி நாகரிகம் பெற்றுவிடுகிறது என்பதை ஒருவரும் விளக்கக் காணோம். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம்: சென்னை, பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.). காலம்: காலை எட்டரை முதல் பத்து வரை. ஆய்வுப் பொருள்: ஞாயிற்றுக்கிழமை மனிதன் திங்கட்கிழமை ஊழியனாக மாறும் முறைமை.

நம் கருதுகோள் இது. அலுவலகம் ஊழியனை முழுதாகப் பார்ப்பதில்லை, விளிம்புகளை மட்டுமே பார்க்கிறது. கழுத்தில் காலர், இடுப்பில் இன், பாதத்தில் ஷூ. இம்மூன்று இடங்களும் ஒழுங்காக முடிந்திருந்தால், நடுவே இருப்பவன் எவனாயினும் குற்றமில்லை. இதை முவ்விளிம்புக் கோட்பாடு என்க.

முதலாவது காலர். உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்து அனுப்பும் திருப்பூர் சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் தூரம். அங்கே தைத்த சரக்கு கடல் தாண்டி ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓ.எம்.ஆரில் உள்ள கண்ணாடிக் கதவை மட்டும் தாண்ட முடியவில்லை. அதே பருத்தி, அதே ஊர்ப் பின்னலாடை. கழுத்தைச் சுற்றி ஒரு பட்டைத் துணியும் இரண்டு மூன்று பட்டன்களும் சேர்ந்தால் கதவு திறக்கிறது. அந்த பட்டன்களை யாரும் போட்டுக்கொள்வதில்லை என்பதும் குறிக்கத் தக்கது.

இரண்டாவதான இன் விரிவாக ஆராய்தற்குரியது. சட்டையின் கீழ்விளிம்பைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: முன்னும் பின்னும் தழைந்து, பக்கவாட்டில் வளைந்து மேலேறும் விளிம்பு உள்ளே போகப் பிறந்தது. நேராக வெட்டியது வெளியே இருக்கப் பிறந்தது. நேர்விளிம்புச் சட்டையை இன் செய்பவன் இயற்கையோடு போராடுகிறான். கையைத் தூக்கி ஒயிட்போர்டில் ஒரு கோடு போட்டால் போதும், பாதிச் சட்டை வெளியே வந்துவிடும்.

இன் எத்தனை வகைப்படும்? முழு இன், பெல்ட் பக்கிள் தெரியும் அளவுக்கு முன்பக்கம் மட்டும் செருகிய ஹாஃப் இன், இவ்விரண்டினும் வேறாய லிஃப்ட் இன். கடைசி வகை களத்தில் புதிதாகக் கண்டது. பைக்கில் வரும் வழியெல்லாம் காற்றில் படபடத்த சட்டை, தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு மூடியதும் உள்ளே போகத் தொடங்குகிறது. கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கட்டைவிரல்களும் இடுப்பைச் சுற்றி முதுகு வரை போகின்றன. அங்கே உபரித் துணியை இருபுறமும் மடித்துப் பிடித்து ஒரு செருகு. ஐந்தாம் மாடியில் கதவு திறக்கும்போது ஊழியன் தயார். இரண்டாம் மாடிக்காரர்கள் பாவம், அவர்களுக்கு ஹாஃப் இன்னுக்கே நேரம் பற்றாது. மாலை நாலு மணிக்கு மேல் எல்லா வகை இன்னும் தளர்ந்து வெளியேறுகிறது. அதை யாரும் கேட்பதுமில்லை. விதி காலை நேரத்துக்கு மட்டுமே உரியது என்று இதனால் துணியலாம்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வீட்டுக்கே வருவதில்லை. மேசைக்கடியில், வாய்க்குள் சாக்ஸைத் திணித்துக்கொண்டு நிரந்தர ஊழியராகக் குடியிருக்கிறது. சொந்தக்காரர் செருப்போடு வருகிறார், செருப்போடு போகிறார்.

விதியைத் தளர்த்திய வரலாறும் ஆராய்ச்சிக்கு உரியதே. 1962-இல் ஹவாய்த் தீவுகளில் ஆடைத் தயாரிப்பாளர்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கண்ட நமக்கு இது புதுமையில்லை. அங்கே வாக்காளரை விட்டுவிட்டு நேரே உறுப்பினரிடம் போயிருக்கிறார்கள், அவ்வளவே. பலன் கிடைத்தது: 1966 முதல் வெள்ளிக்கிழமை பூச்சட்டைக் கிழமையாயிற்று. 1992-இல் லீவைஸ் நிறுவனம், கேஷுவலாக வருவது எப்படி என்று ஒரு கையேடு அச்சிட்டு அமெரிக்க எச்.ஆர். அலுவலகங்களுக்கு அனுப்பியது. ஆக, வெள்ளிக்கிழமைச் சுதந்திரம் பேன்ட் விற்பவர்கள் வாங்கிக் கொடுத்தது. இன்ஃபோசிஸ் 2015-இல் வாரம் முழுவதற்கும் ஃபார்மல் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. நம் அரசோ 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஆணை பிறப்பித்து, ஆண்களுக்குச் சட்டையோடு பேன்ட் அல்லது வேட்டி என்றது. அதற்கு ஐந்தாண்டு முன்னால்தான், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியதற்காகச் சென்னை கிளப் ஒன்று வாசலோடு அனுப்பியதால், சட்டமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. வேட்டிக்குச் சட்டமும் உண்டு, ஆணையும் உண்டு. ரவுண்ட் நெக்குக்கு இரண்டும் இல்லை.

கோட்பாட்டுக்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஏ.சி. ஜப்பானில் 2005-இல் ஏ.சி.யை 28 டிகிரியில் வைத்து, கோட்டும் டையும் வேண்டாமென்று அரசே சொன்னது. நம் அலுவலகங்களில் நடப்பது தலைகீழ். வெளியே சித்திரை வெயில், உள்ளே மார்கழி. அந்தக் குளிரைச் சாக்கிட்டு ஹூடி உள்ளே நுழைந்து காலரையும் இன்னையும் ஒருங்கே மூடிவிடுகிறது. அதன் கீழே இருப்பது ஃபார்மல் சட்டையா, நேற்றிரவு படுத்த பனியனா என்பது ஆய்வாளனுக்கும் எட்டாத பொருள்.

மற்றது பெரியது. இக்கோட்பாடு ஆண்களை வைத்தே கட்டப்பட்டது. பெண்களுக்கு அலுவலகம் விளிம்போடு நிற்பதில்லை, முழுப் பரப்பையும் பார்க்கிறது. மேற்படி 2019 ஆணையும் சுடிதாரோடு நிறுத்தாமல் துப்பட்டாவையும் சேர்த்தே சொன்னது. அந்தத் துப்பட்டா நாளெல்லாம் நாற்காலி முதுகில் கிடக்கும். “மீட்டிங், வாங்க” என்றதும் தோளுக்கு ஏறும். முடிந்ததும் நாற்காலிக்குத் திரும்பும். குளிருக்கும் அது உதவுவதில்லை. ஆண்களின் ஒழுங்கு லிஃப்டில் முடிகிறது. பெண்களுடையது ஆறு மணிக்கும் முடிவதில்லை. இதற்கு வேறோர் ஆய்வு வேண்டும், அதை எழுத வேண்டியவர்களும் வேறு.

எஞ்சியிருப்பது வெள்ளிக்கிழமை மேலாளர். பிறவி ஃபார்மல். கேஷுவலாக வரச் சொன்னதால் வருகிறார்: ஜீன்ஸை முன்னங்காலில் கோடு விழ அயர்ன் செய்து, டி-ஷர்ட்டை இன் பண்ணி, பெல்ட் கட்டி, பாக்கெட் இல்லாததால் பேனாவைக் கழுத்து விளிம்பில் மாட்டிக்கொண்டு. அவரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட இளைஞர்கள், வெள்ளிக்கிழமை என்பதையும் மறந்து, மூன்றாம் மாடிக்குள் இன் செய்துகொண்டுவிடுகிறார்கள்.