அருணைத் தீவகத்தில் பீட்சா: ஒரு திணை ஆய்வு

அருணை என்னும் திருவண்ணாமலையில் கடல் இல்லை. பக்கத்துக் கடற்கரை புதுச்சேரி; அதுவே நூறு கிலோமீட்டர். ஆகவே, தீவுக்குப் போய், மணலில் கால் புதைத்து, ஓலைக்கூரைக்கடியில் பீட்சா தின்னும் பாக்கியம் இவ்வூருக்கு இல்லை என்று உலகம் நம்பிவருகிறது. அதை மறுக்கவே இக்கட்டுரை.

முதற்சான்று சொல்லில் உள்ளது. தீவகம் என்றால் தீவு. யாழ்ப்பாணத்தார் வேலணை, நயினாதீவுப் பக்கத்தை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். தீவகம் என்றால் விளக்கும்தான். தண்டியலங்காரம் சொல்லும் தீவக அணிக்குப் பெயர் வந்ததே அதனால். கார்த்திகைதோறும் மலையுச்சியில் கொப்பரை நிறைய நெய்யூற்றித் தீபமேற்றும் ஊர் தீவகம் இல்லையென்றால் வேறு எது தீவகம்?

இரண்டாவது, வருணன். நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் அவன் என்பது தொல்காப்பியம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எட்டு லிங்கங்கள். மேற்கே இருப்பது வருணலிங்கம். மலை குறிஞ்சி, தெய்வம் நெய்தல். இலக்கணப்படி இது சுத்தமான திணைமயக்கம்.

இனிக் கள ஆய்வு. ரமணரைப் பற்றி எழுதிய பால் பிரண்டனின் நூல் 1934இல் வெளிவந்த பிறகு ரமணாசிரமம் தேடி வெள்ளைக்காரர் வரத்து கூடியது. ஞானம் தேடி வந்தாலும் வயிறு பசிக்கத்தானே செய்யும்? இன்று செங்கம் சாலைப் பக்கம் இட்லிக்கடைக்குக் கூப்பிடு தூரத்தில் விறகடுப்பு பீட்சா. ஆரணியிலிருந்து வந்திருந்த அத்தையைக் கூட்டிக்கொண்டு அப்படியொரு கடைக்குப் போனேன். ஓலைக்கூரை இருந்தது. மணலும் இருந்தது, பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள்.

நேப்பிள்ஸ் மரபுப்படி 485 டிகிரி சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிட வேண்டும். எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. இந்த அடுப்பும் தியானத்தில் இருந்திருக்கலாம்.

"இன்னாடா இது, ஊத்தப்பத்த அடுப்புல மறந்துட்டானா?" என்றார் அத்தை. சட்னி கேட்டார், வரவில்லை. ஆனால் எட்டாக வெட்டியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிழக்கே உட்கார்ந்திருந்த துண்டில் தொடங்கி, தட்டை நகர்த்தாமல், வலமாக ஒவ்வொன்றாக எடுத்தார். தென்கிழக்குத் துண்டில், அக்கினி மூலைக்கே உரிய முறையில், மிளகாய். மேற்குத் துண்டைத் தூக்கியதும் தக்காளிச் சாறு முழங்கைவரை வழிந்தது. வருணன் வந்துவிட்டான் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கடற்கரை என்றால் தின்பண்டத்தைப் பறிக்க ஒரு பறவை வேண்டுமே என்ற ஐயம் மட்டும் பாக்கி. குபேரன் துண்டை அத்தை முடிக்கும்போது கூரையிலிருந்து குரங்கு இறங்கிற்று. ஈசானிய மூலையைத் தூக்கிக்கொண்டு மதிலேறிவிட்டது.

"சுத்து முடியலையேடா. இன்னொன்னு சொல்லு."

இரண்டாவது பீட்சாவுக்கும் ஐம்பது நிமிடம். மேலே உள்ள தீவகச் சான்றும் வருணச் சான்றும் அந்த இடைவெளியில் எழுதப்பட்டவை.