டிரம் கோர் எத்தனை முறை செத்தது? ரசிகர் இரங்கல் குறித்த முதற்கட்ட ஆய்வு

அமெரிக்காவில் டிரம் கோர் என்றொரு கலை உண்டு. என் கணக்கில் அது இதுவரை பத்து முறை செத்திருக்கிறது. செத்தது என்று அறிவித்தவர்கள் அதன் எதிரிகள் அல்லர், பரம ரசிகர்கள். அவர்களே அடுத்த ஆகஸ்டில் டிக்கெட் வாங்கி, சாயம் போன பழைய டி-ஷர்ட்டோடு வந்து, சவத்தைப் பார்க்க முதல் ஆளாக உட்காருகிறார்கள். சவமும் பன்னிரண்டு நிமிடம் ஓடியாடி வாசித்துவிட்டுப் போகிறது. இந்த விசித்திரம் முறையான ஆராய்ச்சிக்கு உரியது எனக் கருதி, அந்த மரணங்களைத் தொகுத்து அவற்றுக்கு ஓர் இலக்கணம் காண முற்படுகிறது இக்கட்டுரை.

செத்தது எது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 150 இளைஞர்கள். பித்தளைக் கொம்புகள், தாளக் கருவிகள், கொடியையும் மரத்துப்பாக்கியையும் வானில் வீசிப் பிடிக்கும் கலர் கார்டு. 100 கெஜ அமெரிக்கக் கால்பந்து மைதானம். அதில் வாசித்துக்கொண்டே நடந்தும் ஓடியும் உருவங்கள் அமைப்பார்கள். பள்ளிக்கூட மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் சாக்ஸஃபோனும் இருக்கும். இங்கே அவற்றுக்கு இடமில்லை. உலகப் போர்களிலிருந்து திரும்பியவர்களின் சங்கங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடத்திய பியூகிள் குழுக்களே இதன் வேர். இன்று கோடை முழுவதும் பஸ்ஸில் தூங்கி, பள்ளி ஜிம்னாசியத் தரையில் படுத்து, ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, பிள்ளைகள்தாம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டிச் சேருகிறார்கள். இருபத்தோரு வயதோடு ஆட்டம் முடிந்தது. அதை ‘ஏஜ் அவுட்’ என்பார்கள். அதன் பிறகு ஒருவருக்கு மைதானத்தில் மிச்சமிருப்பது பார்வையாளர் பெஞ்சு மட்டுமே. நம் ஆய்வுப் பொருளான ரசிகர் அங்கேதான் உற்பத்தியாகிறார்.

அவர் வாழும் நிலத்தை ஐந்திணைக்குள் அடக்க முடியுமா என்று பார்த்தேன். முதற்பொருளில் நிலம், தார் போட்ட பார்க்கிங் லாட்டும் அலுமினியப் பெஞ்சும். பெரும்பொழுது வேனில், சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும்போதுதான் போட்டி தொடங்குகிறது. கருப்பொருளில் உணவு ஹாட் டாக். பறை, ஸ்னேர் டிரம். திணைக்கொரு பறை வைத்த தொல்காப்பியரின் தொலைநோக்கு இங்கேதான் முழுமையாகப் புலப்படுகிறது, ஏனெனில் இந்த நிலத்தில் தெய்வத்தின் இடத்தையும் பறையே பிடித்துக்கொண்டது. உரிப்பொருள்தான் சிக்கல். புணர்தல் இல்லை, பிரிதல் உண்டு, ஆனால் செப்டம்பரில்தான். ரசிகரின் நிரந்தர ஒழுக்கம் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். அப்படியானால் இது நெய்தல். ஆனால் 2009 முதல் இறுதிப் போட்டி நடக்கும் இண்டியானாபொலிஸிலிருந்து கடற்கரைக்குப் பல நூறு மைல். கடலில்லாத நெய்தல் என்று இதற்கொரு தனித்திணை வகுப்பதில் தவறில்லை.

இனி மரணங்கள்.

முதல் மரணம் இன்றைய டிரம் கோர் பிறந்த அன்றே நிகழ்ந்தது. போட்டி, விதி, நடுவர், பரிசு எல்லாம் போர்வீரர் சங்கங்களின் கையில் இருந்த காலத்தில், வயோமிங்கின் ட்ரூப்பர்ஸ் குழுவை நிறுவிய ஜிம் ஜோன்ஸ், சிகாகோவின் கேவலியர்ஸை நிறுவிய டான் வாரன் போன்றோர், நம் போட்டியை நாமே நடத்துவோம் என்று கிளம்பினார்கள். 1971இல் டிரம் கோர் இண்டர்நேஷனல் (டி.சி.ஐ.) உருவானது. 1972இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப். அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. ராணுவ மிடுக்கு போயிற்று, இனி இது கூத்து என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். டி.சி.ஐ. தொட்டிலில் கிடக்கும்போதே பாடை தயார்.

அடுத்தவை வால்வு மரணங்கள். ஆதி பியூகிளில் வால்வே கிடையாது. உதடு தருகிற சுரங்கள்தான். மெல்ல ஒன்று வந்தது. 1977இல் இரண்டாவது வால்வுக்கு அனுமதி, இரண்டாம் மரணம். 1990இல் மூன்றாவது வால்வு. அதுவும் ஒரு மரணம். மூன்று வால்வு வந்த பிறகு பியூகிளுக்கும் டிரம்பெட்டுக்கும் மிஞ்சிய முக்கிய வேற்றுமை, பியூகிள் ஜி சுருதியில் இருப்பதுதான். 2000இல் எந்தச் சுருதிக் கொம்பும் வரலாம் என்றார்கள். அன்று ரசிகர் இழந்தது ஒரு சுருதி மட்டுமன்று. காதைக் கிழிக்கும் அந்த ஜி கொம்பின் முரட்டுத்தனத்தையும்தான். மெருகேறிய கொம்பு சுத்தமாக ஒலிக்கிறது. சுத்தமாக ஒலிப்பதை மன்னிக்க முடியவில்லை.

இடையே 1980களின் தொடக்கத்தில் ‘பிட்’ வந்தது. டிம்பனியையும் சைலஃபோனையும் மார்பில் கட்டிக்கொண்டு நடந்த பிள்ளைகள் அவற்றை மைதானத்தின் முன்னால் இறக்கிவைத்து, நின்றபடி வாசிக்கலாம் என்றானது. முதுகெலும்பு மருத்துவர் எவரும் இதை எதிர்த்திருக்க மாட்டார். ரசிகர் எதிர்த்தார்.

1984ஆம் ஆண்டு மரணம் சற்று நுட்பமானது. அதற்கு முன் நடுவர்கள் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு ‘டிக்’ போடுவார்கள். ஒரு டிக்குக்குப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போகும். ஒரு குச்சி முந்தினால் டிக், ஒரு கால் பிந்தினால் டிக். அதை ஒழித்துவிட்டு, சாதித்ததற்குப் புள்ளி கொடுக்கும் முறை வந்தது. பிழை செய்தவனுக்குத் தண்டனை இல்லாத உலகத்தில் எப்படி வாழ்வது என்ற பெருங்கேள்வி எழுந்தது. தண்டிக்கும் தெய்வம் போய் அருளும் தெய்வம் வந்தால் பக்தர்களுக்கு வரும் கலக்கம்தான் இது. இதைச் சமய வரலாற்று மாணவர்கள் யாரேனும் எடுத்துக்கொண்டால் நல்லது.

2004இல் மைக் வந்தது. மரிம்பாவின் மெல்லிய ஒலி கடைசிப் படிக்கட்டு வரை கேட்கட்டும் என்றுதான் அனுமதித்தார்கள். ஆனால் மைக்கைக் கண்டவர் பேசாமல் இருப்பாரா? வசனம் வந்தது. இசை கேட்க வந்த கூட்டத்துக்கு, இசை என்ன சொல்கிறது என்று ஒருவர் விளக்கவுரை வாசித்தார். இந்த ஒரு மரணத்தில் ஆய்வாளரிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். 2009இல் சிந்தசைசர், பித்தளைக்கு அடியில் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் கொழகொழப்பான பேஸ் சத்தம். 2014இல் டிராம்போன் உள்ளிட்ட எல்லாப் பித்தளைக் கருவிகளும். பத்தாவது மரணத்துக்குத் தேதி குறிக்க இயலவில்லை: உயரமான ஷாக்கோ தொப்பியும் கயிறு வைத்த சட்டையும் போய், உடம்போடு ஒட்டிய ஆட்டக்காரர் உடைகள் வந்தன. 2016இல் ஒஹையோவின் புளூகோட்ஸ் தொப்பி இல்லாமல், மைதானத்தில் வைத்த பெரிய சரிவுகளில் சறுக்கி விளையாடி, பட்டத்தையும் தட்டிச் சென்றபோது சீருடைக்காரர்களின் புலம்பல் உச்சம் தொட்டது.

இத்தரவுகளிலிருந்து கிடைக்கும் நூற்பா வருமாறு:

பின்னதைப் பழிப்பின் முன்னது மரபே.

இதன் பொருள்: ஒரு புதுமையை ரசிகர் எந்தக் கணத்தில் பழிக்கத் தொடங்குகிறாரோ, அந்தக் கணமே அதற்கு முந்தைய புதுமை பாரம்பரியமாகிவிடும் என்றவாறு. டிராம்போனைக் கண்டு வெகுண்டவர் எந்தத் தூய்மையைக் காக்க எழுந்தார் எனின், மூன்று வால்வுக் கொம்பின் தூய்மையை. அம்மூன்றாவது வால்வுதான் 1990இல் கலையைக் கொன்றது என்பதை நினைவில் கொள்க. ஆகவே இரங்கல் என்பது மறுப்பன்று, அனுமதிச் சீட்டு. அழுதுதான் உள்ளே விடுகிறார்கள்.

இதற்கு ஒருசாரார், ‘தான் ஆடிய வயதையே பொற்காலம் என்று எல்லோரும் சொல்வதுதானே’ என்பர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் போன கல்யாணத்துச் சாப்பாடுதான் சாப்பாடு என்கிற பெரியப்பாவைப் போல என்றும் உவமை காட்டுவர். அது பொருந்தாது. என்னையெனின், ஒருநாளும் குச்சி பிடிக்காத ரசிகர்களும் இரங்குகிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன், தான் பிறக்கும் முன் நடந்த ஆட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, ‘இப்போது என்ன இருக்கிறது’ என்கிறான். அவன் இழந்ததாகச் சொல்வது அவன் வாழ்ந்த காலத்தையன்று. மேலும் பெரியப்பா பந்தியில் பாயசம் வரை இருந்து சாப்பிட்டாலும் சமையல்காரருக்கு எழுந்து நின்று கைதட்ட மாட்டார். ரசிகர் தட்டுகிறார். மைதானத்தின் அகலம் முழுக்கக் கொம்புகள் ஒரே வரிசையாக நின்று, பெஞ்சை நோக்கி நடந்துவந்து, முகத்தில் அறைகிற மாதிரி ஒரு நாதத்தை ஊதினால், அந்த நாதம் முடியும் முன்னரே அவர் எழுந்துவிடுகிறார். கொம்பில் எத்தனை வால்வு என்று அந்த நேரத்தில் எவரும் எண்ணுவதில்லை.

நூற்பாவுக்கு வலுவான சான்று ஸ்டார் ஆஃப் இண்டியானா. பில் குக் என்ற மருத்துவக் கருவித் தொழிலதிபர் நிறுவிய குழு. 1985இல் களம் இறங்கி 1991இல் பட்டம் வென்றது. பணக்காரப் பிள்ளைகள் என்ற முணுமுணுப்பு தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1993இல் அவர்கள் பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்களை எடுத்துக்கொண்டு, கைதட்டுவதற்கென்று இடமே விடாத, இறுக்கமான, விநோதமாக உடல் அசைகிற ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சில ஊர்களில் ரசிகர்கள் பூ… பூ… என்று கூச்சலிட்டார்கள். தனக்குப் புரியாததைத் தன் முகத்துக்கு நேரே சத்தமாக வாசிக்கவும் இல்லையே என்ற ஆத்திரம் என்று நான் கொள்கிறேன். மிஸ்ஸிசிப்பியின் ஜாக்ஸனில் நடந்த இறுதிப் போட்டியில் கேடட்ஸ் என்ற குழு 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒன்றில் பட்டம் போயிற்று. அந்த ஆண்டோடு ஸ்டார் போட்டியைவிட்டு விலகி மேடைக்குப் போனது. அங்கே அது ‘பிளாஸ்ட்!’ என்ற நிகழ்ச்சியாகி 2001இல் டோனி விருது வாங்கியது. இன்று பழைய ரசிகரிடம் இக்கலையின் மகத்தான ஆட்டங்களைக் கேளுங்கள். 1993 ஸ்டார் பட்டியலில் இருக்கும். கூச்சலிட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது மட்டும் ஆய்வுக்கு அகப்படவில்லை. அன்று அரங்கிலிருந்த எல்லோருமே கைதட்டியவர்களாம்.

புள்ளிகள் பற்றி ஒரு வார்த்தை. ‘புள்ளி முக்கியமில்லை, ஆட்டம்தான் முக்கியம்’ என்பது ரசிகரின் கொள்கை. 2008இல் ராக்ஃபோர்டின் ஃபேண்டம் ரெஜிமெண்ட், ஸ்பார்டகஸ் கதையை ஆடி, கூட்டம் மொத்தமும் நான்தான் ஸ்பார்டகஸ் என்று கத்த, இறுதிப் போட்டியில் புளூ டெவில்ஸ் குழுவை வென்றது. எவ்வளவில் என்று அதே கொள்கைவாதியிடம் கேட்டால், மூச்சு விடாமல் சொல்வார்: 98.125, 98.100, வித்தியாசம் 0.025. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றாவது தசம இடம் தவறாது. புளூ டெவில்ஸ் 2023 வரை 21 பட்டங்கள் வென்றிருக்கிறது, 2014இல் 99.650 என்ற, எவரும் தொடாத புள்ளியையும் எடுத்தது. அதனாலேயே அதைக் குறைசொல்வது ரசிகர்களுக்குள் ஒரு பொதுப் பண்பாடாகவே நிலவுகிறது. மறுபுறம், 1995இல் மேடிசன் ஸ்கௌட்ஸ் தன் ஆட்டத்துக்கே ‘டிரம் கோர் ரசிகரின் கனவு’ என்ற பொருளில் பெயர் வைத்து வந்தது. கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. நடுவர்கள் நான்காவது இடம் கொடுத்தார்கள். ரசிகருக்கு இதைவிட நிறைவு தரும் முடிவு இருந்திருக்க முடியாது: கனவும் கண்டாயிற்று, குறைசொல்ல நடுவர்களும் கிடைத்தாயிற்று.

பார்க்கிங் லாட் ரசிகர் என்று ஒரு கிளை இனமும் உண்டு. டிரம் வரிசை போட்டிக்கு முன் பயிற்சி எடுக்கும் இடத்தில், ஸ்னேருக்கு இரண்டடி தூரத்தில் கைபேசியை நீட்டியபடி நிற்பவர். மைதானத்துக்குள் நடப்பது அவரைப் பொறுத்தவரை தாளத்துக்குக் குறுக்கே கொம்புகள் வந்து நிற்கும் நிகழ்ச்சி. இவர் எந்த மரணத்துக்கும் அழுததாகச் சான்றில்லை. குச்சிகள் எல்லாம் ஒன்றாக விழுகின்றனவா என்பதொன்றே கேள்வி. ஆய்வாளருக்கு இவர்மேல் பொறாமை.

மெய்யான மரணங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. முதல் பட்டம் வென்ற கிங்ஸ்மென் நெடுநாள் நீடிக்கவில்லை. 2007இல் நரைத்த தலைகளோடு பழைய உறுப்பினர்கள் ஒரு கோடைக்கு மட்டும் மீண்டும் அணிவகுத்தார்கள். 1934இல் தொடங்கி பத்து டி.சி.ஐ. பட்டங்கள் வென்ற கேடட்ஸ், வழக்கிலும் பணநெருக்கடியிலும் சிக்கி 2024இல் மூடப்பட்டது. அப்போது வால்வு பற்றியோ மைக் பற்றியோ வாதிட்டவர் குறைவு. ரசிகர்கள் பழைய ஒலிப்பதிவுகளை எடுத்துக் கேட்டார்கள்.

அடுத்த மரணம் எதுவாயிருக்கும்? மரக்காற்றுக் கருவிகளுக்கு இன்னும் தடை இருக்கிறது. என்றைக்காவது ஒரு கிளாரினெட் மைதானத்தின் ஐம்பதாவது கெஜக் கோட்டில் கால் வைக்கும். அன்றே இரங்கலுரைகள் எழுதப்படும். நூற்பாவின்படி அவற்றின் முதல் பத்தியை இப்போதே சொல்லிவிடலாம்: சிந்தசைசரின் அந்தத் தூய கொழகொழப்பும் டிராம்போனின் அந்த வீர முழக்கமும் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு இந்த நிலை வந்ததே. கீழே ஒரு வரி: அடுத்த ஆண்டு டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும்?