சுருட்டும் சுருட்டை முடியும்

ரிச்சர்ட் ஃப்ரீட்மனுக்கு 7 வயதானபோது, கிராண்ட்மாஸ்டர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி ஹூஸ்டனில் ஒரே நேரத்தில் 50 பேருடன் செஸ் ஆடினார். ஐம்பதில் ஃப்ரீட்மன்தான் பொடியன். தோற்றான். ஆட்டம் முடிந்ததும் ரெஷெவ்ஸ்கி அவன் அப்பாவிடம் வந்து, ஏழு வயதுப் பையனிடம் தோற்றால் பேப்பர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள், அதனால்தான் விட்டுக்கொடுக்கவில்லை என்று வருத்தம் தெரிவித்தாராம். இந்தக் கதைக்கு ஆதாரம் ஃப்ரீட்மன் வாய்தான். அவரைப் பற்றிய முக்கால்வாசிக் கதைகளுக்கும் அதுதான் ஆதாரம்.

பிறந்தது 1944-இல், சிகாகோவில். வளர்ந்தது டெக்சாஸில். தலையில் காடாக மண்டிய சுருட்டை முடியைப் பார்த்துக் கல்லூரி நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கிங்கி’. ஆஸ்டினில் பட்டம் வாங்கியதும் அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ தொண்டராகப் போர்னியோவுக்குப் போனார். வேலை, அங்கே உள்ளவர்களுக்கு விவசாயம் கற்றுத் தருவது. ஈராயிரம் வருஷமாக அவர்கள் நன்றாகவே விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மிச்ச நேரத்தில் பாட்டு எழுதினார்.

அந்தப் பாட்டுகளோடு திரும்பி வந்து 70-களின் தொடக்கத்தில் குழு சேர்த்தார். கன்ட்ரி இசையின் பெரியவர் பாப் வில்ஸின் குழு ‘டெக்சாஸ் பிளேபாய்ஸ்’. கிங்கி யூதர், ஆங்கிலத்தில் ‘ஜூ’; தன் குழுவுக்கு ‘டெக்சாஸ் ஜூபாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். கௌபாய் தொப்பி, வாயில் சுருட்டு, கையில் கிடார், எல்லார் வாயிலும் விழுகிற மாதிரிப் பாட்டு. பெண்களை அடுப்படிக்கு அனுப்பும் ஒரு நையாண்டிப் பாட்டுக்காகப் பெண்ணுரிமை அமைப்பு அவருக்கு ஆணாதிக்கப் பன்றி விருது கொடுத்தது. மனுஷன் அதையும் கிராமி வாங்கியவர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். 1975-இல் ‘ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்’ தொலைக்காட்சி அவர் கச்சேரியைப் படம்பிடித்துவிட்டு, போட்டுப் பார்த்து, பயந்து, அலமாரியில் வைத்துப் பூட்டியது.

இத்தனை கூத்துக்கு நடுவே 1973-இல் வந்த ‘சோல்ட் அமெரிக்கன்’ ஆல்பத்தில் ‘ரைட் எம் ஜூபாய்’ என்றொரு பாட்டு. பெயரைக் கேட்டுச் சிரிக்க வந்தவன் பாட்டைக் கேட்டால் தலைகுனிவான். ஹிட்லரின் முகாம்களில் மாண்ட யூதர்களுக்கான இரங்கற்பா அது, கௌபாய் மெட்டில். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே உருப்படி அதுதான். ஆனால் கோமாளி அழுதால் ஜனங்கள் அதற்கும் கைதட்டிச் சிரிப்பார்கள். அந்தக் கோமாளி வேஷத்தைத் தைத்துக்கொண்டதும் அவரேதான்.

1976-இல் பாப் டிலனோடு ஊர் சுற்றினார். பிறகு குழு கலைந்தது. நியூயார்க்கில் லோன் ஸ்டார் கஃபேயில் பாடிக்கொண்டு, கொக்கெய்னில் மூக்கை நனைத்துக்கொண்டு சில வருஷம் போயின. ஒருநாள் வங்கியில் ஒரு பெண்ணைத் தாக்கிய வழிப்பறிக்காரனைப் பிடித்து நிறுத்தினார். பேப்பரில் பெயர் வந்தது. நாமும் துப்பறிவாளர்தானே என்று தோன்றிவிட்டது. 1986-இல் முதல் துப்பறியும் நாவல். கதாநாயகன் பெயர்? கிங்கி ஃப்ரீட்மன். நியூயார்க் மாடியில் பூனையோடு குடியிருக்கும், சுருட்டுப் பிடிக்கும் முன்னாள் கன்ட்ரி பாடகன். கற்பனை வறட்சி என்று சொல்லமாட்டேன். சோம்பேறித்தனம் என்று தாராளமாகச் சொல்வேன். நாவல்கள் விற்றன.

2001-இல் ‘டெக்சாஸ் மந்த்லி’ பத்திரிகை பத்தி எழுத அவரைக் கூப்பிட்டது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று தட்டச்சுப்பொறியில் அடித்துத் தள்ளினார். தன் காப்பகத்துத் தெருநாய்கள், போரில் விமானம் ஓட்ட வழிகாட்டிய அப்பா, கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் என்று மாதத்துக்கு ஒன்று. இடையில் மரண தண்டனைக் கைதி ஒருவருக்காக, அவர் நிரபராதி என்று வாதாடியும் எழுதினார். பாட்டில் கேட்க மறந்த சங்கதியை ஜனங்கள் பத்தியில் நிறுத்திப் படித்தார்கள். ஐம்பது தாண்டிய மனிதருக்கு மாதச் சம்பளம், மரியாதை, நாய்களுக்குச் சோறு. சும்மா இருந்திருக்கலாம்.

டெக்சாஸ் கவர்னர் தேர்தலில் நின்றார். 2006. சுயேச்சை வேட்பாளராக வேண்டுமானால் 45,540 பேர் கையெழுத்து வேண்டும். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்சுற்றில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்து செல்லாது. ஆகவே அவர் பிரச்சாரத்தின் முதல் கட்டம், தயவுசெய்து ஓட்டுப் போடாதீர்கள் என்று கெஞ்சுவது! லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. எரிசக்தித் துறை வில்லி நெல்சனுக்கு என்றார். சூதாட்ட வருமானத்தில் பள்ளிக்கூடம் நடத்துவேன் என்றார். கூட்டம் கூடியது, சிரித்தது, 12.4 சதவீதம் ஓட்டுப் போட்டது. நான்காம் இடம். நம்மூர்ச் சட்டப்படி டெபாசிட் காலி.

அதற்கு முன்பே, 1986-இல் குடியரசுக் கட்சி சார்பில் உள்ளூர் நீதிபதி பதவிக்கு நின்று தோற்றிருந்தார். 2010-லும் 2014-லும் ஜனநாயகக் கட்சியில் விவசாய ஆணையர் வேட்பாளராக முயன்றார். போர்னியோ அனுபவம் கைகொடுக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் வஞ்சகம் வைக்காமல் எல்லார் சார்பிலும் தோற்றார். 2014-இல் அவரை வென்ற ஜிம் ஹோகன் பிரச்சாரமே செய்யவில்லை, ஒரு டாலர் திரட்டவும் இல்லை.

2024-இல் 79 வயதில் இறப்பதற்குச் சில வருஷம் முன்பு, நள்ளிரவு தாண்டி வில்லி நெல்சன் போன் செய்தார். என்ன பண்ணுகிறாய்? டிவியில் ‘மேட்லாக்’ பார்க்கிறேன் என்றார் கிங்கி. அது கிழட்டு வக்கீல் ஒருவரின் பழைய தொடர். மனச்சோர்வுக்கு அதைவிட அறிகுறி வேண்டாம், அணைத்துவிட்டுப் பாட்டு எழுது என்று அதட்டினார் வில்லி. கிங்கியும் எழுதினார், 2018-இல் ஆல்பமே வந்தது. பாட்டுகளை முடித்த கையோடு பெருமையாக வில்லியைக் கூப்பிட்டார். நலம் விசாரித்து முடித்த வில்லி கேட்டார்:

“ஆமாம் கிங்கி, அந்த மேட்லாக் எந்தச் சேனல்ல வருது?”